கறுப்புப் பெட்டியில் என் வீட்டுக்காரர்

மாசிக் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கெட்ட குணம் உண்டு. கொல்லிமலையின் சருகு வாசனையையும் அறுத்துப் போட்ட சோளத்தட்டின் தூசியையும் ஒன்றாய் வாரிக்கொண்டு வந்து கண்ணில் கொட்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்பவளைப் பார்த்தால், பாவம், அழுகிறாள் என்று தெரு சொல்லும். தேர்தல் வந்த அந்த மாசியில் என்னைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். நான் அழவில்லை. இத்தனை வருஷம் கழித்து, ஒரு யுத்தமும் வந்து போய், தலை பாதி நரைத்த பிறகும் அழுகை வரவில்லை. வயிற்றில் ஒரு புளிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அது காற்று மாறினால் மேலே வரும். இன்றைக்குக் காற்று மாறியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் நாமக்கல் பக்கத்தில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் பெண்டாட்டியை ஐயரம்மா என்பார்கள். பூணூல் போட்ட ஐயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்றாலும், சேரியில் பிறந்து கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரல் தாழும், முதுகு வளையும். அந்த வளைவைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "நிமிந்து சொல்லு, என்னைக் கூப்பிடத்தான் பேரு, கும்புட இல்ல" என்பார். "ஆகட்டுங்க ஐயரே" என்று இன்னும் கொஞ்சம் வளைவார்கள்.

ஆலயத்தில் முன்னால் பெஞ்சுகள், பின்னால் பாய்கள். பெஞ்சில் பள்ளிக்கூட வாத்தியார்கள், மிஷன் ஆபீஸ் குமாஸ்தாக்கள், இராசிபுரத்திலிருந்து வந்து குடியேறிய நூல் வியாபாரி. எல்லாரும் பாட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்தவர்கள். வரும்போது சாமியை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் மூட்டை கட்டித் தூக்கி வந்தவர்கள். பாயில், கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஏர் பிடிக்கிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள். திருவிருந்து ஞாயிறு அன்று பெஞ்சுக்காரர்கள் முதலில் போய் முழங்கால் போடுவார்கள். சீமையிலிருந்து வந்த வெள்ளிப் பாத்திரம் அவர்கள் வாயைத் தொட்டுத் திரும்பும். பிறகு பாய்க்காரர்கள் போவார்கள். அவர்களுக்கு ஓர் அலுமினியப் பாத்திரம். ஒரே திராட்சை ரசம், ஒரே ஆண்டவர். பாத்திரம் மட்டும் இரண்டு. அதை யாரும் சாதி என்று சொல்லவில்லை, வழக்கம் என்று சொன்னார்கள். வழக்கம் என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

அவர் வந்த இரண்டாவது திருவிருந்திலேயே அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "கோழிக்குத் தண்ணி வை" என்றார். அன்றைக்கு எல்லாரையும் ஒரே வரிசையில், யார் முந்தி வந்தார்களோ அவர்கள் முந்தி என்று முழங்கால் போடச் சொன்னார். தலைமை வாத்தியாருக்கு முந்தின இடத்தில் ஆலயத்து மணி அடிக்கிற கிழவர். கிழவர் குடித்த பாத்திரம் வாத்தியாரிடம் வந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விளிம்பைத் துடைத்தார். ஆலயம் முழுக்கப் பார்த்தது. மணி அடிக்கிறவர் தம் வாயைத் துடைத்துக்கொண்டார், ஏதோ அவர் வாயில்தான் அழுக்கு என்பதுபோல.

வெளியே வந்ததும் வாத்தியார் ஆரம்பித்தார்.

"ஐயரே, ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதானுங்க. ஆரு இல்லைன்னாங்க? அதுக்காக எச்சிலும் ஒண்ணாயிருமுங்களா?"

"வாத்தியாரே, ஒங்க வாய்க்குச் சங்கடமா இருந்தா அத மூடிக்கிட்டு வாங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

மணி அடிக்கிறவர் சிரித்துவிட்டார். பிறகு பயந்து சிரிப்பை விழுங்கினார். அந்தச் சிரிப்புக்கும் என் வீட்டுக்காரர் பின்னால் விலை கொடுத்தார் என்று நினைக்கிறேன். பெஞ்சுக்காரர்கள் எதையும் மறக்கிறவர்கள் அல்ல.

அவர் சட்டசபைக்கு நிற்கவேண்டும் என்று கிளம்பியதற்குக் காரணம் சின்னது. சேரியில் அடுத்தடுத்த இரண்டு வீடு. இந்த வீட்டுப் பிள்ளை வேதத்துக்கு வந்தவன், அந்த வீட்டுப் பிள்ளை வராதவன். வராதவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சம்பளத்தில் சர்க்கார் சலுகை உண்டு. வந்தவனுக்கு இல்லை. கிறிஸ்தவனானதும் சேரிக்காரன் இல்லை என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. ஆலயத்துப் பாயில் உட்கார்ந்து பார்த்திருந்தால் சர்க்காருக்குத் தெரிந்திருக்கும். "இத மெட்ராசுக்குப் போய்க் கேக்கணும். மனு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சுபோச்சு" என்றார். அப்போது சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக இடங்கள் இருந்தன. நிற்பவரும் கிறிஸ்தவர், ஓட்டுப் போடுகிறவர்களும் கிறிஸ்தவர்கள் மட்டும். அதிலும் வரி கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் ஓட்டு. பல ஜில்லாக்கள் சேர்ந்து ஒரே தொகுதி. சேரிக்காரர்களுக்கு வரி கட்ட எதுவுமில்லை. ஆனால் எழுத்து இருந்தது. பல வருஷமாகப் பொழுது சாய்ந்ததும் ஆலயத்துப் பாயில் உட்காரவைத்து, கலப்பை பிடித்துக் காய்த்த விரலைத் தம் விரலால் பிடித்து, அவர் போட்டுக் கொடுத்த எழுத்து. மணி அடிக்கிறவர் ஐம்பது வயதுக்கு மேல்தான் தம் பெயரை எழுதினார். எழுதிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படி எழுதப் படிக்கக் கற்றவர்களை ஊர் ஊராகப் போய் வாக்காளராகப் பதியவைத்தார். அந்த ஓட்டுகளை நம்பித்தான் இறங்கினார்.

மிஷன் பங்களா துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். துரையின் தமிழ் புத்தகத்திலிருந்து இறங்கி வராத தமிழ்.

"நீர் நிற்கலாம். ஆயினும் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி நிற்கவேண்டும். முடிவு தெரிந்த பிற்பாடு சபைச் சங்கமானது உம்முடைய காரியத்தை ஆலோசிக்கும்."

சபைச் சங்கம் என்றால் பெஞ்சுக்காரர்கள். தலைமை வாத்தியார், நூல் வியாபாரி, குமாஸ்தாக்கள். அவர் வீடு வந்து இதைச் சொன்னபோது நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன்.

"தோத்தா?" என்றேன்.

"தோத்தா பீடம் போச்சு. பீடம் போனா அலுமினியம் திரும்பி வந்துரும்."

"செயிச்சா?"

"சட்டசபை மெம்பரைப் பீடத்துல இருந்து எறக்க எந்த வாத்தியானுக்கும் தைரியம் வராது. துரையே தொப்பியக் கழட்டுவாரு. அப்புறம் இந்த ஜில்லாவுல எந்தச் சபையிலயும் ரெண்டு பாத்திரம் இருக்காது."

எனக்குச் சட்டசபையும் தெரியாது, மெட்ராசும் தெரியாது. ஆனால் அந்தப் பாத்திரம் தெரியும். ஒரே பாத்திரத்துக்காக ஒரு மனிதன் தன் சோற்றைப் பந்தயம் வைக்கிறான் என்பது தெரிந்தது. புடைத்த கம்பை அள்ளிப் போட்டுவிட்டு, சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு.

இப்போது அந்தத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது.

சபைகளில் பிள்ளைகளுக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் வேதம் சொல்ல ஒரு துணி உண்டு. நான்கு நிறப் பட்டை. கறுப்பு, பாவம் நிறைந்த இருதயம். சிவப்பு, ஆண்டவர் சிந்திய ரத்தம். வெள்ளை, கழுவப்பட்ட இருதயம். மஞ்சள், மோட்சத்துப் பொன் வீதி. ஒருவர் துணியைப் பிடிக்க, ஒருவர் பாடிக்கொண்டே குச்சியால் தொட்டுக் காட்டுவார். என் வீட்டுக்காரர் அதில் பேர்போனவர். அவர் கறுப்பைத் தொடும்போது குரல் கிணற்றுக்குள் இறங்கும், பிள்ளைகள் அம்மாமார் மடியில் போய் ஒளியும். வெள்ளையைத் தொட்டதும் எருமப்பட்டிச் சேரியே எழுந்து நின்று கைதட்டும். பதினைந்து வருஷமாக, எந்தச் சேரிக்குப் போனாலும் முதல் பாடம் அதுதான். அவர் போட்டுக் கொடுத்த எழுத்தை மறந்தவர்கள் உண்டு. நிறத்தை மறந்தவர் ஒருவரில்லை.

அந்தத் தேர்தலில் ஓட்டுச் சீட்டில் ஒன்றும் எழுதவேண்டியதில்லை. தேர்தலில் நிற்கிற அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். பெரிய கட்சி மஞ்சளைப் பிடித்துக்கொண்டு பொதுத் தொகுதிகளில் எல்லாம் தெருத் தெருவாகக் கொடி கட்டியிருந்தது. "மோச்சத்த அவிங்க மொதல்லயே புடிச்சுக்கிட்டாங்க" என்று எங்கள் சபையில் சிரித்தார்கள். எங்கள் தனித் தொகுதியில் நின்றவர்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் ஒருவர், சேலத்து வக்கீல் ஒருவர். வக்கீலும் பெஞ்சுக் குடும்பம்தான். மோட்டார் கார் வைத்திருந்தார்.

நிறம் பிரிக்கிற நாளில் சேலம் போய்விட்டு, கடைசி பஸ்ஸில் தலையெல்லாம் செம்மண்ணாய் வந்து இறங்கினார். கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "கறுப்பு" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வக்கீலு முந்திப் போய் வெள்ளைய வாங்கிக்கிட்டாரு. சிவப்பும் கறுப்பும் இருந்துச்சு. எது வேணும்னு கேட்டாங்க."

கையில் இருந்த சொம்பைத் தரையில் வைத்தேன்.

"சிவப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்துமா கறுப்ப வாங்கிட்டு வந்தீங்க?"

"சிவப்புன்னா நம்ம சனத்துக்கு ஆண்டவர் ரத்தம். அந்த ரத்தத்தக் காட்டி ஓட்டுக் கேக்கச் சொல்றியா? பெட்டியக் கண்டதும் ரத்தம் ரத்தம்னு கன்னத்துல போட்டுக்கிட்டுச் சீட்டைப் போடுவாங்க. அது எனக்குப் போட்ட ஓட்டா?"

"கறுப்பக் கண்டா என்ன போடுவாங்கன்னு நெனச்சீங்க?"

"அத நாந்தானே சொல்லிக்குடுத்தேன். நானே மாத்திச் சொல்லுறேன். கறுப்பு பாவம்னு சொன்னதே தப்பு, இந்தா பாரு, என் கையப் பாரு, அவிங்க கையப் பாரு. நம்ம தோல நாமளே பாவம்னு பாடிக்கிட்டிருந்தோம். இது ஆண்டவர் குடுத்த சந்தர்ப்பம்."

அவருடைய முகம் விளக்கு மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? நல்ல எண்ணம் வந்துவிட்ட ஆண்பிள்ளையிடம் யாராலும் பேச முடியாது. வேறு யாருக்கு அந்த இடத்தில் அப்படித் தோன்றியிருக்கும்? சந்தையில் மாடு பிடிக்கிறவன், நூல் வாங்குகிறவன், வக்கீல், வாத்தியார், எவனாக இருந்தாலும் சிவப்பை வாரிக்கொண்டு வந்திருப்பான். ஆண்டவரின் ரத்தத்தை விற்கக்கூடாது என்று இவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. தோன்றிவிட்டது. அதன் பிறகு நாங்கள் ஊர் ஊராய் அலைந்தோம்.

பதினைந்து வருஷம் சொன்னதைச் சில வாரத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். வண்டி மாட்டின் மணிச் சத்தம் என் காதுக்குள்ளேயே இருந்தது. புளியம்பழம் உலுக்கும் காலம். தார் போடாத ரோட்டில் புழுதி எங்களுக்கு முன்னால் போய் எங்களைச் சொல்லிவிடும். எருமப்பட்டிச் சேரியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று அவர் பேசினார்.

"கரிசக் காடு என்ன நெறம்?"

"கறுப்புங்க."

"அதுல வெடிக்கிற பருத்தி?"

"வெள்ளைங்க."

"எருமை?"

"கறுப்புங்க."

"பாலு?"

"வெள்ளைங்க ஐயரே."

"அப்ப கறுப்பு கெட்டதா?"

"இல்லீங்க" என்று கோரஸாய்ச் சொன்னார்கள். பின்னால் இருந்த கிணறு வெட்டி ஒருவர் எழுந்து, "அப்படீன்னா ஐயரே, கறுப்புப் பொட்டியில சீட்டப் போட்டா மறுபக்கம் பாலாட்டம் வெள்ளையா வெளிய வருமுங்களா?" என்று கேட்டார். மரத்தடியே சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியேறினார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

எடப்பாடியில் நெசவுக் குடும்பங்கள் சில எங்கள் வேதத்தில் இருந்தன. தறிக்குழியில் காலை விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர், வேட்டிக்குக் கறுப்புக் கரை எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். நெசவாளி தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கரைக்குத்தானுங்க கறுப்பு. வேட்டி முச்சூடும் கறுப்பா நெய்ஞ்சா எவன் வாங்குவான்? எங்க ஊட்டுப் பொம்பளைகளே ஏத்துக்க மாட்டாளுங்க." அவர் பெண்டாட்டி பாவு போட்ட இடத்திலிருந்தே, "உமக்கு நெய்யறது வர்ற அளவுக்குப் பேச வந்தா நாம எப்பவோ மாடி ஊடு கட்டியிருப்போம். ஐயர் சொல்லுறாரு, சரீன்னு சொல்லித் தொலையும்" என்றார். சரி என்று சொல்லித் தொலைத்தார்.

வக்கீலின் ஆட்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஒரு பொய் சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். பஸ் நிற்கிற இடத்துப் புளியமரத்தில் ஒரு நான்கு நிறத் துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழே தலைமை வாத்தியார் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களைக் கேட்டார்: "ஐயர் என்ன சொல்லிக் குடுத்தாரு? கறுப்பு என்ன? வெள்ளை என்ன? ஐயர் சொன்னபடி போடுங்க. நாங்க வேறெதும் கேக்கல." நான் அந்தப் பக்கம் போனபோது எழுந்து நின்று மரியாதையாகக் கும்பிட்டார். வக்கீலும் ஒரு நாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி என்னிடம் பேசினார்.

"அம்மா, ஒங்க வீட்டுக்காரர் பரிசுத்தமான மனுஷர். அவரு பீடத்துல இருக்கவேண்டியவரு. அதத்தான் நாங்களும் விரும்பறோம்."

"பீடத்துல இருந்து எறக்கினது நீங்கதானே."

"சே, சே. அவரா எறங்கினாரு" என்று காரை விடச் சொன்னார். அதுவும் பொய் இல்லை.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில்தான் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எனக்கும் ஓட்டு இருந்தது. சேரியிலிருந்து வந்தவர்கள் குளித்து, தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி, திருவிருந்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். செருப்பைத் தூரத்திலேயே கழற்றி வைத்திருந்தார்கள். மணி அடிக்கிறவர் சீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். அவர்கள் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பக்தியைக் கண்டு அன்றைக்குப் பயந்திருக்கவேண்டும்.

என் முறை வந்து மறைப்புக்குப் பின்னால் போனேன். இரண்டு பெட்டி, பக்கத்தில் பக்கத்தில். கறுப்பு வர்ணம் புதிதாய்ப் பூசியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழவே இல்லை, எல்லாம் வெள்ளைப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் அவருடைய மனைவி. அவரோடு எல்லாச் சேரிக்கும் போனவள். கறுப்பு தப்பில்லை என்று தொண்டை கட்டச் சொல்லக் கேட்டவள். சீட்டைக் கறுப்பில்தான் போட்டேன். போட்டதும், எனக்குத் தெரியாமலே, என் கை முந்தானையில் தன்னைத் துடைத்துக்கொண்டது. வெளியே வந்து வெயிலில் நின்று அந்தக் கையைப் பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. அவர் தூரத்தில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சேலத்தில் எண்ணினார்கள். மத்தியான பஸ்ஸில் ஒருவர் வந்து, இறங்காமல், படியில் நின்றபடியே வக்கீல் ஜெயித்தார் என்று கத்திவிட்டுப் போனார். நூல் வியாபாரி வீட்டில் பட்டாசு வெடித்தது. பெஞ்சு ஓட்டு எங்களுக்கு வராது என்று முன்பே தெரியும். சேரி ஓட்டு விழுந்திருந்தால் போதும், ஜெயித்திருக்கலாம். விழவில்லை. என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "மெரட்டியிருப்பாங்க. பண்ணையக்காரங்கள வச்சு மெரட்டியிருப்பாங்க. பாவம், சனங்க என்ன செய்வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி நம்பிக்கொண்டு செத்திருந்தாலும் நிம்மதியாய்ச் செத்திருப்பார். மறுநாள் காலையில் மணி அடிக்கிறவரும் அவர் பெண்டாட்டியும் வந்தார்கள். கிழவர் தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றார் இவர்.

"இருக்கட்டுங்க ஐயரே. மனசே ஆறலீங்க. நாங்க எல்லாம் போட்டமே, அப்பறம் எப்படீங்க தோத்தீங்க?"

"போட்டீங்களா?"

"என்னங்க அப்படிக் கேக்கறீங்க? எங்க சேரி வளவே தெரண்டு போய்ப் போட்டுச்சே."

"கறுப்புப் பெட்டியிலதானே?"

கிழவர் பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி தரையைப் பார்த்தார்.

"அதெப்படீங்க ஐயரே," என்றார் கிழவர். "சீட்டக் கையில வாங்கினதும் உங்க மொகந்தானுங்க நெனப்புக்கு வந்துச்சு. உங்களத்தானுங்களே போடறோம். எங்களுக்கு எழுத்து போட்ட சாமி நீங்க. உங்களக் கொண்டுபோய்ப் பாவத்துல போடவா? கை வரலீங்க. ராவெல்லாம் வளவுல பேசித்தான் முடிவு பண்ணுனோம். ஐயர் எங்க இருக்கணுமோ அங்க போடுவோம்ன்னு, எல்லாரும் வெள்ளையில போட்டுப்புட்டோமுங்க. ஆண்டவரப் பாத்து உங்களுக்காவச் செபம் பண்ணித்தான் போட்டோம்."

"வெள்ளை வக்கீலோட பெட்டின்னு சொன்னேனே."

"சொன்னீங்க. வக்கீலுக்கு வெள்ளையக் குடுக்கற அதிகாரம் ஆருக்குங்க இருக்குது? வெள்ளை ஆண்டவரோடதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"கறுப்பு கெட்டதில்லைன்னு நாந்தானே சொன்னேன்."

கிழவர் இப்போதுதான் தலை நிமிர்ந்தார். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "அது நீங்க வெசனத்துல சொன்னதுங்க ஐயரே. வேற பொட்டி கெடைக்காம, வேற வழியில்லாமச் சொல்றீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? மொதல்ல சொன்னதுதானுங்க வேதம்."

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தக் கிழவரை நான் திட்டியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் அவர் பெண்டாட்டி முந்தானையிலிருந்து நாலு முட்டையை எடுத்து என் கையில் வைத்து, "ஐயருக்கு ஆக்கிக் குடுங்கம்மா, ஒடம்பு எளைச்சுப்போச்சு" என்றார். அன்பால் கழுத்தை அறுத்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது? தமிழில் அதற்கு வசவு இல்லை. நான் எழுத்துக்காரி, தேடிப் பார்த்துவிட்டேன்.

உள்ளே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மெரட்டல" என்றார். அவ்வளவுதான். மிரட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

சபைச் சங்கம் கூடியது. சபையின் சமாதானத்தை முன்னிட்டு அவருடைய காரியத்தைச் சில காலம் ஒத்திவைப்பதாகத் தீர்மானம் என்று துரை ஆள் அனுப்பினார். சில காலம் என்பதற்கு அளவு கிடையாது, இன்னும் முடியவில்லை. புதிதாக ஓர் இளைய போதகர் வந்தார். நல்ல பையன், மெட்ராசில் படித்தவன், மூக்குக் கண்ணாடி. நாங்கள் போதகர் வீட்டைக் காலி செய்துகொண்டு செக்கு மேட்டுத் தெருவில் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனோம். எள்ளுப் பிண்ணாக்கு வாசனை சோற்றிலும் துணியிலும் ஏறியது. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த காசில் கஞ்சி காய்ச்சினேன். ஆலயத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன். "பீடந்தான் போச்சு, முழங்கால் இருக்குதில்ல" என்றார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. புதுப் போதகர் அறிக்கை வாசித்தார். ஊரில் க்ஷய ரோகம் பரவுவதால், டாக்டர் யோசனைப்படியும் சுகாதாரத்தை முன்னிட்டும், இனி இரண்டு பாத்திரம் உபயோகிக்கப்படும். பெஞ்சுகளுக்கு ஒன்று, பாய்களுக்கு ஒன்று. சாதி என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. வழக்கம் என்ற வார்த்தைகூட இல்லை. காலம் முன்னேறிவிட்டது. தலைமை வாத்தியார் கண்ணை மூடி ஆமென் என்றார்.

பெஞ்சுகள் எழுந்து போய் வெள்ளியில் குடித்துவிட்டு வந்தன. பிறகு பாய்கள் எழுந்தன. அவர்களுக்கு ஒரு புது எனாமல் குவளை. என் வீட்டுக்காரர் எழுந்து அவர்களோடு போனார். நானும் போனேன். வரிசையில் மணி அடிக்கிறவர் முழங்கால் போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இவர் முழங்கால் போட்டார். கிழவர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயரே, உங்க எடம் அங்கீங்க. இங்க வரக்கூடாதுங்க."

"எனக்கு இங்கதான் எடம்."

"வேண்டாமுங்க ஐயரே. பாக்கறாங்க. எங்களுக்குப் பாவமுங்க. முன்னால போங்க சாமி" என்று கெஞ்சினார். இவர் நகரவில்லை. கிழவருக்கு வேறு வழி தெரியவில்லை. முழங்காலாலேயே நகர்ந்து, தம் உடம்பு இவர்மேல் படாமல் தள்ளிக்கொண்டார். அவர் நகர்ந்ததும் அடுத்தவர் நகர்ந்தார், அதற்கடுத்தவர் நகர்ந்தார். வரிசை முழுக்க ஒதுங்கியது. எல்லாம் மரியாதை. குவளை அந்த முனையிலிருந்து புறப்பட்டு, வாய் வாயாக வந்து, கிழவரிடம் வந்தது. அவர் குடித்தார். குடித்துவிட்டுத் தலைத்துண்டின் சுத்தமான முனையை எடுத்து விளிம்பை ஒரு சுற்று துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, இடைவெளியைத் தாண்டி எட்டி, என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் வாங்கவே இல்லை. குவளை அங்கேயே நின்றது, ரசம் தளும்பித் தரையில் சொட்டியது. மூக்குக் கண்ணாடிப் போதகர் குனிந்து மெதுவாக, "வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, பின்னால் காத்திருக்கிறார்கள்" என்றார்.